முதலில் 'பின்', அப்புறம் 'முன்'

சரும நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. நம் தோலைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் ஏற்படுத்தியது. எந்த க்ரீமில் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக்கூடாது என்று அதுதான் சொல்லவேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடாது. க்ரீம் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. கீழே கம்பெனி, மேலே வாரியம், நடுவே ஒரு லிஃப்ட். "வாடகை மிச்சம், அலைச்சல் மிச்சம். ஒரு சந்தேகம்னா பொத்தானை அமுக்கினா போதும்," என்று வாரியத் தலைவர் மேடைக்கு மேடை சொல்லுவார். சந்தேகம் யாருக்கு வரும், பொத்தானை அமுக்குவது யார் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை.

அந்தக் கட்டடத்தில் போய் மாட்டிக்கொண்டவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களின் மூக்கில் ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடித்து, "இது உங்க மூஞ்சிக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்வது அவள் வேலை. சொல்லும்போது இடது கன்னத்தில் ஒரு குழி விழும். குழியைப் பார்த்த மயக்கத்தில் விலை கேட்காமல் வாங்கிப்போனவர்கள் உண்டு. கடையில் அவளுக்குப் பெயரே கன்னக்குழி என்று ஆகிப்போயிற்று. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், டீ கொண்டுவருகிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டில் அந்தக் குழிக்கு ஓர் உரிமைக்காரி இருந்தாள். மகள். வாய் ஓயாத சின்னது. வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். வாண்டுக்குத் தூக்கம் வந்தால் அம்மாவின் மடியில் ஏறி, சுட்டுவிரலை அந்தக் கன்னத்தில் வைத்து, "சிரி" என்று உத்தரவு போடும். அம்மா சிரிக்கவேண்டும். குழி விழும். விரல் அதற்குள் உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். சில பிள்ளைகளுக்குப் போர்வை நுனி, சில பிள்ளைகளுக்குக் கட்டைவிரல், இதற்கு அம்மாவின் கன்னம்.

ஒருநாள் கடைக்கு எதிரே பெரிய குடை விரித்து மேசை போட்டார்கள். மேசை நிறைய வெள்ளை மூடி போட்ட டப்பாக்கள். பளபளவென்று ஒரு பெண் வந்து, "உங்க முகத்தைக் கொஞ்ச நாளைக்கு எங்களுக்குக் கொடுங்கக்கா. க்ரீம் இலவசம். உங்க படம் ஊர் முழுக்க வரும்" என்றாள். கடை முதலாளி, "போ போ, கடைக்குப் பெருமைதானே" என்று தள்ளிவிட்டார். கன்னக்குழிக்கும் ஆசைதான். நாளெல்லாம் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஊராருக்குக் கண்ணாடி பிடிக்கிறவள். அதே கண்ணாடி தன் பக்கம் திரும்பும்போது மூக்கோரத்துக் கரும்புள்ளிகள் கண்ணில் படத்தானே செய்யும்.

நரைத்த தாடியும் முகம் நிறையச் சுருக்கமுமாய் ஒரு படக்காரர் வந்து, "நல்லா சிரிங்கம்மா" என்றார். சிரித்தாள். குழி விழுந்தது. க்ளிக். "பின் எடுத்தாச்சு," என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். கன்னக்குழிக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கவும் தோன்றவில்லை.

போட ஆரம்பித்தாள். முகம் எரிந்தது. குடைக்குக் கீழே போய்ச் சொன்னாள். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்கா," என்றாள் பளபளப் பெண். பிறகு அரித்தது. "அழுக்கு வெளியே வருது." பிறகு உரிந்தது. "பழசு போகுது, போகட்டுமே." பிறகு எரிச்சல், அரிப்பு, வெயில், காற்று எதுவுமே முகத்தில் தெரியாமல் போனது. "ஒண்ணுமே தெரியலையா? அதான்க்கா பலன்," என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கன்னக்குழியின் முகம் வெள்ளையாக, இழுத்துக் கட்டியதுபோல், அந்த டப்பா மூடி மாதிரியே ஆகிவிட்டது. மூக்கோரத்துப் புள்ளிகள் போனது உண்மை. கூடவே மற்றதும் போயிருந்தது. பயந்துபோய் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினாள். அவர் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "பாதரசம் கலந்திருப்பாங்க. உடனே நிறுத்துங்க, வெறும் தண்ணியில கழுவுங்க" என்றார். அதைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். டாக்டர் தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். மூன்று இறக்கையிலும் கம்பெனியின் பெயர் இருந்தது. "ரத்தப் பரிசோதனைக்கு எழுதறேன். அதை மட்டும் எழுத முடியாதும்மா," என்றார்.

நிறுத்தினாள். க்ரீமின் வாசனை நிற்கவில்லை. தலையணையில் இருந்தது, சாப்பிடும் தட்டில் இருந்தது, வெயிலில் காய்ந்த துணியிலும் இருந்தது. யாரோ ஒருத்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்பதுபோல் இருந்தது.

ஒரு மத்தியானம் வாண்டு மடியில் ஏறி விரலை வைத்து, "சிரி" என்றது. கன்னக்குழி சிரித்தாள். மனசார, முழுசாகத்தான் சிரித்தாள். தோல் அசையவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது. குழந்தை இந்தக் கன்னத்தைத் தடவியது, அந்தக் கன்னத்தைத் தடவியது. பிறகு மெதுவாக மடியைவிட்டு இறங்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டது: "எங்க அம்மா எப்ப வருவாங்க?"

கன்னக்குழி அழுதாள். கண்ணீர்கூட அந்த முகத்தில் நிற்காமல் ஓடியது.

அதற்கப்புறம் படக்காரர் மறுபடி வந்தார். "முன் எடுக்கணும்மா. சிரிக்காதீங்க."

"சிரிச்சாலும் வராதுங்க."

"அப்ப வசதிதான்," என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல் அவசரமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

கன்னக்குழியின் கணவன் பஸ் டிரைவர். அடுத்த வாரம் அவன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். "உன்னை என் பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டியிருக்காங்க," என்றான்.

போய்ப் பார்த்தாள். பஸ்ஸின் முதுகு அகலத்துக்கு இரண்டு முகங்கள். இடது பக்கம் உரிந்து வெளுத்த இப்போதைய முகம். அதற்குக் கீழே 'முன்'. வலது பக்கம் குடைக்குக் கீழே முதல்நாள் சிரித்த முகம், கன்னத்தில் குழியோடு; அதற்குக் கீழே 'பின்'. நடுவில் வெள்ளை மூடி. தலைக்கு மேலே வாரியத்தின் முத்திரை.

அவள் வாய் திறப்பதற்குள் வாண்டு கையை உதறிக்கொண்டு ஓடி, வலது பக்கத்துப் படத்தின் மேல் முகத்தை வைத்து, "அம்மா, எங்க போன?" என்றது. டீசல் புகைக்கு நடுவே, எட்டிய மட்டும் விரலை நீட்டி, குழியைத் தொட்டது. நின்றபடியே தூங்கிவிட்டது.

அன்றிலிருந்து டிரைவர் மத்தியான டிரிப்பில் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்துவான். கன்னக்குழி குழந்தையைத் தூக்கிப் படத்தருகே பிடிப்பாள். விரல் குழியைத் தொடும், கண் சொருகும். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். பெற்ற தாயின் தோளில் கிடந்துகொண்டே பிள்ளை பஸ்ஸை அம்மா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. "படத்தை மாத்தப் போறாங்களாம், டிப்போவில பேசிக்கிறாங்க," என்றான் டிரைவர். "கிழிச்சுட்டா இவ எப்படித் தூங்குவா?"

அதனால்தான் கன்னக்குழி வாரியத்துக்குப் போனாள். நஷ்டஈடு கேட்க அல்ல. தன் முகத்தைத் திரும்பக் கேட்க.

வாசலிலேயே முறைகள் ஆரம்பித்தன. உள்ளே நுழைகிற எவரும் மரியாதைக்காக இலவச க்ரீமை ஒரு விரல் எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டும். முறையிட வருகிறவர் முகத்தில் எந்தப் பூச்சும் இருக்கக்கூடாது. பூசாவிட்டால் வாசல்காரர் விடமாட்டார், பூசிக்கொண்டு போனால் உள்ளே இருக்கிற பெண் கழுவிவிட்டு வரச் சொல்வாள், குழாய் வாசலுக்கு வெளியே இருந்தது. கன்னக்குழி போனாள், வந்தாள், போனாள், வந்தாள். கடைசியில் வாசல்காரருக்கே அலுத்துப்போய், "கையில பூசிக்கிட்டுப் போம்மா, யாரு பார்க்கப்போறா" என்றார்.

வாரியத்தின் முறையீட்டுப் பிரிவும் கம்பெனியோடு தரைத்தளத்தில்தான் இருந்தது. அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. பார்த்துப் பயனில்லை. அத்தனை முகமும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு. சட்டையில் குத்தியிருக்கிற அட்டையைப் படித்துத்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எதிர் மேசையில் இருந்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பியாம். "குரலைக் கேட்டா அண்ணன் மாதிரிதான் இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே," என்றார் தம்பி. அண்ணனும் அதை ஒப்புக்கொண்டு நின்றார்.

முறையீட்டு அதிகாரி தன் வெள்ளை முகத்தைக் கன்னக்குழியின் அட்டை இல்லாத மார்புப் பக்கம் திருப்பி, "சேதாரம் எங்க?" என்றார்.

"என் முகம்தாங்க."

அவர் சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி விளம்பரத்தைப் பார்த்தார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "இங்க பாருங்கம்மா. 'பின்'னுன்னு போட்டிருக்கிற முகம் உங்ககிட்ட இருக்கா?"

"இல்லீங்க. அதைத்தான் கேட்டு வந்திருக்கேன்."

"'முன்'னுன்னு போட்டிருக்கிற முகம்?"

"அதுதாங்க இது."

"அப்ப நீங்க இன்னும் முன்னாடிதான் இருக்கீங்க. உங்களுக்கு இன்னும் க்ரீம் போடவே ஆரம்பிக்கலை. போடாத க்ரீமைப் பத்தி முறையீடு பண்ணலாமா? தப்பில்லையா?" மேசையைத் திறந்து ஒரு வெள்ளை மூடி டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். "போட ஆரம்பிங்க. எல்லாம் சரியாயிடும்."

கன்னக்குழி டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு, பெரியவர் யாரையாவது பார்க்காமல் நகரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், முகத்தில் தெரியவில்லை. மாடிக்குப் போகச் சொன்னார்.

லிஃப்ட் திறந்தது ஒரு நீளமான கூடத்தில். 'பின்' கூடம் என்று பலகை இருந்தது. தரையிலிருந்து கூரைவரை படங்கள். எல்லாம் சிரிக்கிற முகங்கள். தெத்துப்பல், மச்சம், பருத் தழும்பு, கண்ணோரச் சுருக்கம், எத்தனையோ விதமான சிரிப்பு. அவ்வளவு பேர் வாய்விட்டுச் சிரிக்கிற அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அது பார்வையாளர் நேரம். படங்களுக்கு எதிரே வெள்ளை முகத்தோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு படத்துக்கு எதிரே. ஒரு பெரியவர் தன் படத்தைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார்; வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லையாம். ஒரு பெண் தன் படத்திடம் ரகசியமாக, "இன்னிக்கு அண்ணனுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. எனக்காக நீ நல்லா சிரிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரில் எழுதியிருந்தது: தொடக்கூடாது. அழக்கூடாது. ஈரம் படத்துக்கு ஆகாது.

ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் அந்தப் படக்காரர்தான். கன்னக்குழியைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"இவங்க எல்லாரும் யாருங்க?"

"உங்களை மாதிரிதாம்மா. எல்லாம் முதல்நாள் எடுத்தது."

"முதல்நாள் எடுத்ததை எதுக்குப் 'பின்'னுன்னு போடுறீங்க?"

படக்காரர் ஏதோ தொழில் முறையை விளக்குகிற மாதிரிதான் ஆரம்பித்தார். "எப்பவும் பின்னைத்தாம்மா முதல்ல எடுப்போம். முகம் கெட்டதுக்கப்புறம் எடுத்தா அது பின் மாதிரி இருக்குமா? ஆரம்ப காலத்தில வரிசையாத்தான் எடுத்துக்கிட்டிருந்தோம். ஒரு படம்கூடத் தேறலை. அப்புறம்தான் இந்த முறைக்கு வந்தோம்." பாதியில் குரல் தழைந்தது. "நான் படம் மட்டும்தாம்மா எடுக்கிறேன். கீழ எழுதறது வேற ஆளு."

அவர் முகத்துச் சுருக்கங்களை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "நீங்க என்ன போடுறீங்க?"

"நானா? தண்ணி. வெயில்ல போனா தொப்பி. எப்பவாவது கத்தாழை. மொட்டை மாடியில தொட்டி தொட்டியா வச்சிருக்காங்க. மேல இருக்கிறவங்க எல்லாரும் அதான் போடுவாங்க."

"அதைப் போட்டா என் முகம் திரும்ப வருமா?"

"வராதும்மா. அது எதையும் கொண்டுவராது. எதையும் எடுத்துக்கிட்டும் போகாது. அவ்வளவுதான் அதோட பெருமை."

மேலே இருக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்னது சரிதான். மாடி ஏற ஏற முகங்களில் உயிர் கூடிக்கொண்டே போனது. மூன்றாம் மாடியில் நெற்றி சுருங்குகிற ஆட்கள் இருந்தார்கள். நான்காம் மாடியில் ஒருவர் முகம் சுளித்தார். அதைப் பார்க்கவே கன்னக்குழிக்கு ஆசையாக இருந்தது. உச்சி மாடியில் தலைவர் இருந்தார். முகம் முழுக்கச் சிரிப்புச் சுருக்கம், காதோரம் ஒரு மரு, மூக்கோரம் கரும்புள்ளிகள். ஒரு கற்றாழை மடலைப் பிளந்து புறங்கையில் தேய்த்துக்கொண்டே, "உக்காருங்கம்மா" என்றார்.

கன்னக்குழி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பாதரசம் என்று சொன்னதைச் சொன்னாள், குழந்தை அம்மா எப்போது வருவாள் என்று கேட்டதைச் சொன்னாள். தலைவர் கண்கலங்கினார். அவருக்குக் கலங்கக் கண்ணோரத்தில் இடம் இருந்தது.

"நம்ம வாரியம் ரொம்பக் கண்டிப்பும்மா. கெடுதல்னு நிரூபணம் ஆன எதையும் ஒரு நிமிஷம் அனுமதிக்க மாட்டோம்."

"நிரூபணம் யாருங்க பண்ணுவாங்க?"

"நாங்கதான்."

"பண்ணிப் பார்த்தீங்களா?"

"அவசியமே வரலையே. இதுவரைக்கும் எதுவும் கெடுதல்னு நிரூபணம் ஆகலை. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம் பாருங்க."

"டப்பாவில 'வாசனை'ன்னு போட்டிருக்கே. கடையில இருக்கிறதிலேயே தடிமனான லென்ஸை வச்சுப் படிச்சேன். அந்த வாசனை எங்க வீட்டை விட்டுப் போகவே மாட்டேங்குது. அதுக்குள்ள என்ன இருக்கு?"

"வாசனை."

"அந்த வாசனைக்குள்ள?"

"அது கம்பெனி ரகசியம். எனக்கே தெரியாது. தெரிஞ்சா நான் நடுநிலையா இருக்க முடியுமா?" தலைவர் எழுந்து, மேடையில் நிற்பதுபோல் நின்றுகொண்டார். "பாதரசம் பாதரசம்கிறீங்க. பாதரசம் எங்கேருந்து வருது? மண்ணுலேருந்து. ஈயம்? அதுவும் மண்ணு. இதைவிட இயற்கை என்னம்மா வேணும்? மக்கள் இப்ப இயற்கை இயற்கைன்னு கேக்கிறாங்க. கேட்டதைக் குடுக்கிறதுதானே நம்ம கடமை. அடுத்த சீசன்லேருந்து எல்லா டப்பாவுக்கும் பச்சை மூடி போட்டுடறோம். மேல ஒரு இலை."

"உள்ள?"

"உள்ள மாத்தினா பழகின ஜனங்க குழம்பிடுவாங்க."

கன்னக்குழி அவர் கையிலிருந்த மடலைப் பார்த்தாள். "அப்ப அது?"

"இதுவா? இதைத் தடை பண்ணப்போறோம். எந்தப் பக்கமாவது இதுல என்ன கலந்திருக்குன்னு எழுதியிருக்கா பாருங்க. மூடி கிடையாது, முத்திரை கிடையாது. ஜனங்க கையில கிடைச்சா ஆபத்தில்லையா? அதனாலதான் மாடியில பூட்டி வச்சு எங்க மேலயே சோதனை பண்ணிக்கிறோம். நான், என் சம்சாரம், என் பிள்ளைங்க எல்லாரும். ஜனங்களுக்காக எங்களை நாங்களே பலி கொடுத்துக்கிறோம்," என்று இன்னொரு மடலை எடுத்தார்.

"என் படத்தையாவது குடுங்க ஐயா. குழந்தை தூங்கணும்."

"அது எப்படிம்மா முடியும்? உங்க முகத்தை நீங்கதானே எங்களுக்குக் கொடுத்தீங்க. வாங்க, பார்வையாளர் நேரத்தில வந்து பாருங்க. குழந்தையையும் கூட்டிட்டு வாங்க. தொட மட்டும் கூடாது."

வெளியே வரும்போது படக்காரர் படிக்கட்டில் காத்திருந்தார். படம் மூடுகிற கறுப்புத் துணியில் சுற்றி ஒரு சின்னக் கற்றாழைக் கன்றை அவள் பையில் திணித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கன்னக்குழி அதை ஓட்டை வாளியில் நட்டாள். தினமும் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, கொஞ்சம் தடவினாள். உரிந்த இடங்கள் ஆறின. காற்று அடித்தால் முகத்தில் தெரிந்தது. குழி வரவில்லை.

சீசன் மாறியது. பஸ்ஸில் படத்தைக் கிழித்தார்கள். அன்று மத்தியானம் வாண்டு வெறும் தகரத்தில் விரலை வைத்துத் தேடியது. "அம்மாவைக் கழுவிட்டாங்க," என்று அப்பாவிடம் போய்ச் சொன்னது. அழவில்லை. அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவும் இல்லை. அம்மா என்று கூப்பிடவே இல்லை, தண்ணீர் வேண்டும் என்றால், "தண்ணி குடுக்கிறீங்களா?" என்று கேட்டது.

வாண்டை விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் ஒருநாள் வாசலில் குடை விரித்திருந்தது. பச்சைக் குடை. பிள்ளையை அழைத்துப்போக வந்த கன்னக்குழி குடையைப் பார்த்ததும் வாசலைத் தாண்டி ஓடினாள். உள்ளே காப்பகத்து டீச்சர் பச்சை மூடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "குழந்தைங்களுக்கு ஏத்த மாதிரி, இயற்கையாம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். நாற்காலியில் வாண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ வேடிக்கை காட்டியிருப்பார்கள், சிரித்துக்கொண்டிருந்தது. இடது கன்னத்தில் குழி. அம்மாவின் குழி அப்படியே. இத்தனை நாள் தன் குழி போனதையே நினைத்துக்கொண்டிருந்தவள், அது பிள்ளையிடம் இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

படக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்க பிள்ளைன்னு தெரியாதும்மா," என்றார். "பின் எடுத்தாச்சு."

பின் எடுத்தாயிற்று என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கன்னக்குழி டீச்சர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள்.

"அதை அழிச்சுடுங்க."

"கம்பெனிக்குப் போயிடுச்சும்மா. எடுத்த உடனே போயிடும். இனிமே எனக்கு முன் வேணும். இல்லைன்னா விடமாட்டாங்க. வீட்டுக்கே வந்து பூசுவாங்க."

கன்னக்குழி பிள்ளையை நாற்காலியிலிருந்து இறக்கினாள். அதே நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒரு கெட்ட முகம் வேணும், அவ்வளவுதானே? என்னை எடுத்துக்கங்க."

படக்காரர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "வயசு இடிக்குமேம்மா. அம்மா முன்னு, பிள்ளை பின்னுன்னா எவன் நம்புவான்?"

"அதை வாரியம் பார்த்துக்கும்."

படக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். அவள் அசையாமல் உட்கார்ந்தாள். வாண்டு ஓரமாக நின்று, விளக்கு பளிச்சென்று அடிக்கிற அந்த வெள்ளை முகத்தையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

வாரியம் பார்த்துக்கொண்டது. தலைவர் படத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாராம். இளமை திரும்பும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி குழந்தைப் பருவமே திரும்பும் என்று சான்றிதழ் கொடுத்தார். முறையீட்டு அதிகாரி இரண்டு முகத்தையும் ஒப்பிட்டு, கன்னமும் காதும் பொருந்துவதால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று கையெழுத்துப் போட்டார். பச்சை மூடி கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. அந்தச் செய்தி கன்னக்குழியின் காதுக்கும் வந்தது. தன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தாள். ஊராரின் பிள்ளைகளைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு பகலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கணவனின் பஸ் எதிர்ப்பக்கமாகத் தெருமுனைக்குப் போகும்போது அதன் முதுகு தெரிந்தது. இடது பக்கம் வெளுத்த முகம், 'முன்'. வலது பக்கம் வாண்டு, குழியோடு, 'பின்'. நடுவில் பச்சை மூடி, மேலே ஓர் இலை.

வாண்டு விரலை நீட்டியது. வலது பக்கத்துக்கு. "அது நான்." பிறகு விரல் நகர்ந்தது. இடது பக்கத்து வெள்ளை முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தது, இடுப்பில் தன்னை வைத்திருந்த வெள்ளை முகத்தைத் திரும்பிப் பார்த்தது. "அது நீ," என்றது. "அம்மா."

தோளில் தலையைச் சாய்த்தது. விரலைத் தன்னுடைய கன்னத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

கன்னக்குழிக்கு அந்த நிறுத்தம், தெரு, பஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு பெண், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பஸ்ஸைப் பார்த்துவிட்டு இவளையும் பார்த்தாள். இரக்கமாக, "இன்னும் போட ஆரம்பிக்கலையாக்கா நீங்க?" என்றாள். கைப்பையிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, கொஞ்சம் எடுத்துக்கங்க. லேசா எரியுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

அந்தப் பெண் சிரிக்கும்போது மேலுதட்டு மச்சம் ஒரு பக்கமாக ஏறி இறங்கியது.

"உன்னை யாராவது படம் எடுத்தாங்களா?" என்று கேட்டாள் கன்னக்குழி.

"ஆமாக்கா, எப்படித் தெரியும்? நேத்துதான். நல்லா சிரிக்கச் சொன்னாங்க."

பஸ் தெருமுனையில் திரும்பி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். கன்னக்குழி ஏறவில்லை. அவன் மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.